நீர்ப்பரப்பின் வரலாறு – 3: பிரவுன்ஷ்வைக் நகரின் தகரத் தொட்டி

1890ஆம் ஆண்டளவில், நீரின்மேல் பரவும் எண்ணெய்ப் படலத்தைப் பற்றி இயற்பியலார் உறுதியாகச் சொல்லக்கூடியவை மிகச் சிலவாகவே இருந்தன. லண்டனுக்கு அருகே கிளாப்பம் பொதுவெளியிலிருந்த குளமொன்றில் ஒரு தேக்கரண்டி எண்ணெயை ஊற்ற, ஏறத்தாழ அரை ஏக்கர் நீர்ப்பரப்பு அலையடங்கிக் கண்ணாடிபோல் ஆனதை பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1774இல் ராயல் சொசைட்டியின் இதழில் பதிவுசெய்திருந்தார். ஆனால் எண்ணெயின் கன அளவைக் குளத்தின் பரப்பால் வகுத்தால் படலத்தின் தடிமன் கிடைத்துவிடும் என்ற எளிய கணக்கை அவர் போடவில்லை. போட்டிருந்தாலும், ஒரு மில்லிமீட்டரின் மில்லியனில் இரண்டு அல்லது மூன்று பங்கு என்று கிடைத்திருக்கக்கூடிய விடையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அக்காலத்தில் எவருக்கும் தெரிந்திருக்காது. மூலக்கூறு என்ற ஒன்றுக்கு அளவு உண்டு என்ற எண்ணமே அடுத்த நூற்றாண்டில்தான் வேரூன்றியது. அந்தக் கணக்கை உரிய துல்லியத்துடன் முதலில் செய்தவர், இத்தொடரின் சென்ற பகுதியில் நாம் கண்ட ரேலி பிரபு.

ரேலி கையாண்ட முறையை இங்கே மீண்டும் சுருக்கமாக நினைவுகூர்வது தேவையாகிறது, ஏனெனில் அதன் வலிமையும் வரம்பும் தெரிந்தால்தான் இப்பகுதியின் கதை விளங்கும். சுத்தமான நீரின்மேல் போடப்பட்ட கற்பூரத் துணுக்குகள் இங்குமங்கும் விரைந்து சுழலும். கற்பூரம் கரையக் கரைய அதைச் சுற்றியுள்ள நீரின் பரப்பு இழுவிசை சமமின்றிக் குறைவதும், குறையாத பக்கம் துணுக்கைத் தன்பால் இழுத்துக்கொள்வதும் இதற்குக் காரணம். பரப்பு இழுவிசை என்பது, நீரின் மேற்பரப்பிலுள்ள மூலக்கூறுகளை உள்ளிருக்கும் மூலக்கூறுகள் ஈர்ப்பதால் அப்பரப்பு இயன்றவரை சுருங்க முயலும் விசை. நீரில் போதிய எண்ணெய் படர்ந்துவிட்டால் இந்த இழுவிசை தாழ்ந்து, கற்பூரத்தின் ஓட்டம் நின்றுவிடும். எசெக்ஸ் மாவட்டத்து டெர்லிங்கிலிருந்த தம் மாளிகையில், 84 சென்டிமீட்டர் விட்டமுள்ள குளியல் தொட்டி ஒன்றில் நீர் நிரப்பி, எடையிட்ட ஆலிவ் எண்ணெயைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, கற்பூரம் நின்றுபோக ஏறத்தாழ 0.8 மில்லிகிராம் போதும் என்று ரேலி கண்டார். அதிலிருந்து கிடைத்த தடிமன் 1.6 நானோமீட்டர், ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரின் மில்லியனில் ஒரு பங்கு.

இந்த எண் வியப்புக்குரியதுதான். ஆயினும் அது ஒரேயொரு புள்ளி. பரப்பளவு மாறாத தொட்டியில் எண்ணெயின் அளவை மட்டும் கூட்டிக்கொண்டே போகும் இம்முறையில், கற்பூரம் நிற்கும் கணத்துக்கு முன்னும் பின்னும் படலம் எவ்வாறு நடந்துகொள்கிறது என்பது தெரியவருவதில்லை. அதைவிடக் கடுமையான இடர் வேறொன்று இருந்தது. ஆலிவ் எண்ணெயைச் சேர்க்குமுன்பே அந்த நீரின்மேல் விரலின் பிசுக்கோ, காற்றில் வந்த தூசியின் கொழுப்போ, துடைத்த துணியின் எச்சமோ எவ்வளவு இருந்தது என்பதை உறுதிசெய்ய வழியில்லை. ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான பொருளை அளக்கும் சோதனையில் இது சிறு பிழையன்று, சோதனையையே கவிழ்க்கவல்லது.

இவ்விரு இடர்களுக்கும் ஒரே தகரப் பட்டையால் விடை கண்டவர், அப்போது எந்தப் பல்கலைக்கழகத்தோடும் தொடர்பில்லாதிருந்த ஆக்னெஸ் பொக்கெல்ஸ். அவர் 1862 பிப்ரவரி 14 அன்று, அந்நாளில் ஆஸ்திரியப் பேரரசின் ஆளுகையிலிருந்த வெனிஸ் நகரில் பிறந்தார். தந்தை தியோடர் பொக்கெல்ஸ் ஆஸ்திரியப் படையில் அதிகாரி. மலேரியாவால் உடல் நலிந்து அவர் பணியிலிருந்து விலக, குடும்பம் 1871இல் வடஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகருக்குக் குடிபெயர்ந்தது. ஆக்னெஸ் அங்கே பெண்களுக்கான நகராட்சி உயர்பள்ளியில் படித்தார். இயற்பியலில் அவருக்கு மிகுந்த ஈடுபாடு இருந்தும், ஜெர்மானியப் பல்கலைக்கழகங்கள் பெண்களை முறைப்படி மாணவராக ஏற்காத காலம் அது. அந்தக் கதவு மாநிலம் மாநிலமாக 1900க்கும் 1909க்கும் இடையில்தான் திறந்தது. மூன்றாண்டு இளையவரான தம்பி ஃபிரீட்ரிக் கோட்டிங்கனில் இயற்பியல் பயிலச் சென்றபின், தம் பாடநூல்களை அக்காவுக்கு அனுப்பிவந்தார். மின்புலத்தில் வைத்த படிகம் ஒளியின் போக்கை மாற்றுவதற்குப் பின்னாளில் பொக்கெல்ஸ் விளைவு என்று பெயர் வந்தது இந்தத் தம்பியால்தான். இன்றும் பெரும்பாலான இயற்பியல் மாணவர்களுக்கு அக்குடும்பப் பெயர் நினைவூட்டுவது அவரையே.

ஆக்னெஸ் பாத்திரம் கழுவும் தொட்டியில் எண்ணெய்ப் பிசுக்கைப் பார்த்துத்தான் ஆராய்ச்சியைத் தொடங்கினார் என்று எல்லா நூல்களிலும் எழுதப்படுவது, குடும்பத்தார் பின்னாளில் எழுதிவைத்த நினைவுக்குறிப்பிலிருந்து வருவது. பதினெட்டு வயதளவில் நோயுற்ற பெற்றோரைப் பேணும் பொறுப்பும் வீட்டு நிர்வாகமும் அவர்மேல் விழுந்திருந்தன என்பதால் அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. எனினும் அதையே முதன்மைப்படுத்துவோர், கழுவுநீரை நாள்தோறும் பார்த்த கோடிக்கணக்கானோரிடமிருந்து அவரை வேறுபடுத்தியது எது என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். பார்த்தது பிசுக்கு, செய்தது ஒரு கருவி. அக்கருவி 1882ஆம் ஆண்டளவில் உருப்பெற்றபோது அவருக்கு வயது இருபது.

கருவியின் அமைப்பு இது. 70 சென்டிமீட்டர் நீளம், 5 சென்டிமீட்டர் அகலம், 2 சென்டிமீட்டர் உயரமுள்ள நீள்சதுரத் தகரத் தொட்டி விளிம்புவரை நீரால் நிரப்பப்படுகிறது. ஒன்றரை சென்டிமீட்டர் அகலமுள்ள தகரப் பட்டை ஒன்று அதன் குறுக்கே, அடிப்பக்கம் நீரைத் தொடுமாறு, இரு விளிம்புகளின்மேலும் கிடத்தப்படுகிறது; அப்போது நீர்ப்பரப்பு இரு பகுதிகளாகப் பிரிகிறது. பட்டையை வலப்புறம் தள்ளினால் அப்பக்கத்துப் பரப்பு சுருங்கி இடப்பக்கத்துப் பரப்பு விரிகிறது. எவ்வளவு நகர்ந்தது என்பதைத் தொட்டியின் முன்விளிம்பில் பிடித்த அளவுகோலில் படித்துக்கொள்ளலாம். கீழேயுள்ள நீர் பட்டைக்கடியில் தங்குதடையின்றி ஓடுவதால், அமுக்கப்படுவது நீர் அன்று, நீரின்மேல் மிதக்கும் பொருள் மட்டுமே என்பதைக் கவனிக்க வேண்டும். பரப்பு இழுவிசையை அளப்பதற்கு அவர் பயன்படுத்தியது, 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறு வட்டத் தகடு. இரு புயங்களும் நீளத்தில் வேறுபட்ட, நகர்த்தக்கூடிய எடை கொண்ட இலேசான தராசில் அது தொங்கவிடப்பட்டு நீரைத் தொடவைக்கப்படும். அதைப் பரப்பிலிருந்து பிய்த்தெடுக்க எவ்வளவு எடை வேண்டியிருக்கிறதோ அதுவே இழுவிசையின் அளவு.

அழுக்கடைந்த நீரை வைத்துக்கொண்டு பட்டையை நகர்த்தியபோது, அந்த நீருக்குத் தனக்கென நிலையான இழுவிசை இல்லை என்பதும், பரப்பு விரிய விரிய அது உயர்ந்து, சுருங்கச் சுருங்கத் தாழ்கிறது என்பதும் தெரியவந்தன. அவருடைய தராசின்படி மிகக் குறைந்த அளவுக்கும் மிக உயர்ந்த அளவுக்கும் இடையிலான விகிதம் 52க்கு 100. இதைவிட முக்கியமானது, உயர்ந்த அளவை எட்டியபின் நிகழ்வது. அதற்குமேல் பட்டையை எவ்வளவு தூரம் இழுத்துப் பரப்பை விரித்தாலும் இழுவிசை மாறாமல் நிற்கிறது. திருப்பித் தள்ளிக்கொண்டு வந்தால், முன்பு உயர்வு நின்றுபோன அதே அளவுகோல் புள்ளியில் சரியாக மீண்டும் இறங்கத் தொடங்குகிறது. ஆகவே நீர்ப்பரப்பு இருவேறு நிலைகளில் இருக்கக்கூடும் என்று பொக்கெல்ஸ் முடிவுசெய்தார்: பட்டை நகர்வதை இழுவிசை பொருட்படுத்தாத இயல்பு நிலை ஒன்று, நகர்வு ஒவ்வொன்றும் இழுவிசையை மாற்றும் இயல்பு பிறழ்ந்த நிலை மற்றொன்று. இரண்டுக்கும் நடுவே கூர்மையான எல்லை உண்டு.

ரேலியின் முறையோடு ஒப்பிட்டால், அவர் பரப்பை நிலையாக வைத்துப் பொருளை மாற்றினார். பொக்கெல்ஸோ பொருளை நிலையாக வைத்துப் பரப்பை மாற்றினார். கேட்பதற்கு வெறும் இடமாற்றம்போலத் தோன்றும் இதன் விளைவு மிகப் பெரிது. ஒரு முனை மூடிய வளைந்த கண்ணாடிக் குழாயில் அடைபட்ட காற்றைப் பாதரசத்தால் அமுக்கிக் கன அளவுக்கும் அழுத்தத்துக்கும் உள்ள உறவை ராபர்ட் பாயில் பதினேழாம் நூற்றாண்டில் பெற்றதுபோல, நீரின்மேலுள்ள படலத்தையும் அமுக்கி, அதன் பரப்புக்கும் விசைக்கும் உள்ள உறவை முழு வளைகோடாக வரைய இப்போது வழி கிடைத்துவிட்டது. ஒரு புள்ளியின் இடத்தில் ஒரு கோடு வந்தது. இத்துறையில் பின்னர் நடந்த எதுவும் இந்தக் கோட்டைவிட அடிப்படையானதன்று என்பது இத்தொடரின் கருத்து.

இரண்டாவது இடருக்கும் அதே பட்டையே மருந்தானது. தொட்டியின் ஒரு முனையில் பட்டையை வைத்து மறுமுனையை நோக்கித் தள்ளிக்கொண்டே போனால், பரப்பிலிருந்த பிசுக்கு முழுவதும் வாசல் தெளிக்குமுன் விளக்குமாற்றால் குப்பை ஒதுக்கப்படுவதுபோல் முன்னே ஒதுங்க, பின்னே புதிய பரப்பு திறக்கிறது. பட்டையைத் தள்ளியும் இழுவிசை மாறவில்லையென்றால் பரப்பு சுத்தம். மாறினால் அழுக்கு எஞ்சியிருக்கிறது. சுத்தம் செய்யும் செயலும் சுத்தத்தைச் சோதிக்கும் செயலும் இவ்வாறு ஒன்றாயின. அந்தச் சோதனையின் கூர்மையால்தான், எவ்வளவு தூய திடப்பொருளும் புதுப் பரப்பைத் தொட்ட மாத்திரத்தில் அதைச் சிறிதேனும் மாசுபடுத்துகிறது என்பதையும், கற்பூரம், மாவு போன்றவை இதில் மிகுந்த வலிமை காட்ட, கண்ணாடியும் உலோகமும் மெல்லிய தடத்தை மட்டும் விடுகின்றன என்பதையும் அவரால் பிரித்தறிய முடிந்தது.

கருவியின் குறையையும் அவரே எழுதிவைத்தார். பட்டை இரு பரப்புகளையும் முற்றிலும் பிரிப்பதில்லை. இரு பக்கத்து இழுவிசைகளும் மிக வேறுபடும்போது, முக்கியமாக நகர்த்தும் கணத்தில், பட்டைக்கும் தொட்டி விளிம்புக்கும் இடையே பிசுக்கு கசிந்து எதிர்ப்பக்கம் பாய்ந்துவிடும். இந்தக் கசிவு கால் நூற்றாண்டு கழித்து மீண்டும் வரப்போவதால் மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது.

ஏறத்தாழ பத்தாண்டுகள் இந்தச் சோதனைகள் எங்கும் வெளிவரவில்லை. ரேலியின் ஆய்வைப் பற்றி ஜெர்மானிய அறிவியல் இதழ் ஒன்றில் படித்தபின், 1891 ஜனவரி 10 அன்று பொக்கெல்ஸ் அவருக்கு ஜெர்மன் மொழியில் நீண்ட கடிதம் எழுதினார். ஜெர்மன் மொழியில் எழுதித் தொல்லை தருவதற்கு மன்னிப்புக் கேட்டு, பல காரணங்களால் அறிவியல் இதழ்களில் வெளியிடும் நிலையில் தாம் இல்லை என்று சொல்லிவிட்டு, உடனே தொட்டியின் அளவுகளுக்குள் இறங்கிவிடும் அக்கடிதத்தில் தன்னிரக்கம் ஒரு வரிகூட இல்லை. ரேலியின் மனைவி அதை ஆங்கிலத்தில் பெயர்த்தார். மார்ச் 2 தேதியிட்ட சிறு முன்குறிப்புடன் ரேலி அதை நேச்சர் இதழுக்கு அனுப்ப, 1891 மார்ச் 12 அன்று அது அச்சாயிற்று. கடிதத்தின் முற்பகுதி தம் அண்மைய ஆய்வின் களத்தையே தொடுகிறது என்றும், வீட்டுச் சாமான்களைப் போன்ற எளிய கருவிகளால் அரிய முடிவுகள் கிடைத்திருக்கின்றன என்றும், பிற்பகுதி பல முக்கியமான வினாக்களை எழுப்புகிறது என்றும் அக்குறிப்பு சொல்கிறது. அதே களத்தில் அதே வேளையில் உழைத்துக்கொண்டிருந்தவர், பெயரறியாத ஒருவரின் கடிதத்தைத் தம் கட்டுரையின் அடிக்குறிப்பாகச் சுருக்கிவிடாமல் அவர் பெயரிலேயே முழுதாக வெளியிடச் செய்தது, அன்றைய வழக்கத்தை எண்ணிப் பார்த்தால் எளிதில் எதிர்பார்க்கக்கூடியதன்று.

அடுத்த மூன்றாண்டுகளில் பொக்கெல்ஸின் மேலும் சில கட்டுரைகள் நேச்சரில் வந்தன. அவற்றில் 1892ஆம் ஆண்டுக் கட்டுரை தந்த உத்தி இன்றுவரை ஆய்வகங்களில் வழங்கிவருகிறது. ஸ்டியரிக் அமிலம் போன்ற மெழுகுத்தன்மையுள்ள திடப்பொருள் எண்ணெய்போல் தானாக நீரில் பரவாது. அதை விரைந்து ஆவியாகும் பென்சீனில் கரைத்துச் சொட்டுவிட்டால், பென்சீன் பறந்துபோய், அளவு தெரிந்த பொருள் மட்டும் பரப்பில் சீராகத் தங்கும். பின்னர் பெற்றோரின் நோய் மிகுந்து அவருக்கு ஓய்வு குன்றியது. 1913இல் தம்பி இறந்தபின் புத்தகங்களும் இதழ்களும் கிடைப்பதும் அரிதாகியது.

அந்தக் கூர்மையான எல்லைப் புள்ளிக்குப் பொருள் சொன்னது ரேலியின் 1899ஆம் ஆண்டுக் கட்டுரை. பொக்கெல்ஸின் முறையைப் பின்பற்றித் தாமும் அளந்து, இழுவிசை இறங்கத் தொடங்கும் இடத்தில் எண்ணெயின் தடிமன் ஏறத்தாழ 1 நானோமீட்டர் என்று கண்ட அவர், அந்த இடத்தில் மூலக்கூறுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒரே அடுக்காகப் பக்கம் பக்கமாக நெருங்கி நிற்கின்றன என்று கருதினார். அதற்குமுன் அவை ஒன்றையொன்று தொடாமல் தளர்வாகக் கிடப்பதால் பட்டையின் நகர்வு உணரப்படுவதில்லை. தொட்டுக்கொண்டதும் எதிர்ப்பு தொடங்குகிறது. ஒற்றை மூலக்கூற்றுப் படலம் என்ற கருத்து இங்கேதான் பிறந்தது. கற்பூரம் நிற்கும் 1.6 நானோமீட்டர் என்பது இந்த எல்லையைக் கடந்து, ஓர் அடுக்குக்கு வேண்டியதைவிட மிகுதியான எண்ணெய் சேர்ந்த நிலை என்பதும் இதனால் விளங்கிற்று.

ஆனால் மூலக்கூறைச் சிறு உருண்டையாகவே ரேலி எண்ணியிருந்தார். அந்த உருண்டையை நிமிர்த்தி நீட்டியவர், அமெரிக்காவின் ஸ்கெனெக்டடி நகரில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஆய்வகத்தில் பணியாற்றிய இர்விங் லாங்மியூர். 1917இல் வெளிவந்த அவருடைய நீண்ட கட்டுரையில் தொட்டி மீண்டும் வருகிறது, சில மாற்றங்களோடு. மெழுகு பூசிய காகிதப் பட்டைகள் தகரத்தின் இடத்தைப் பிடித்தன. பிய்த்தெடுக்கும் தகட்டுக்கு மாறாக, படலம் நேராக முட்டித் தள்ளும் மிதவை ஒன்று தராசோடு இணைக்கப்பட்டது. சுத்தமான நீரின் இழுவிசைக்கும் படலம் மூடிய நீரின் இழுவிசைக்கும் உள்ள வேறுபாடாகிய பரப்பு அழுத்தம் அதனால் நேரடியாகவே கிடைத்தது. பொக்கெல்ஸ் குறிப்பிட்ட கசிவு இங்கும் தலைகாட்டவே, மிதவையின் இரு முனைகளிலும் மெல்லிய காற்றுத் தாரைகளை ஊதச்செய்து படலம் நழுவிச் செல்வதை லாங்மியூர் தடுத்தார்.

அவர் பெற்ற அட்டவணையில் ஒரு செய்தி பளிச்சிடுகிறது. பால்மிட்டிக் அமிலத்தில் 16 கார்பன் அணுக்கள், ஸ்டியரிக் அமிலத்தில் 18, செரோட்டிக் அமிலத்தில் 26. நெருங்கி நிற்கும்போது ஒரு மூலக்கூறு பிடித்துக்கொள்ளும் இடமோ முறையே 21, 22, 25 சதுர ஆங்ஸ்ட்ராம். ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது நானோமீட்டரின் பத்தில் ஒரு பங்கு. சங்கிலி பத்துக் கார்பன் நீண்டபோதும் அடியிடம் சற்றே கூடுகிறது, படலத்தின் உயரமோ 24 ஆங்ஸ்ட்ராமிலிருந்து 31 ஆகிறது. இதற்கு ஒரே விளக்கம்தான் பொருந்தும்: மூலக்கூறுகள் உருண்டைகள் அல்ல, நெட்டுக்குத்தாக நிற்கும் சங்கிலிகள். நீரோடு எளிதில் இணையும் அமிலத் தலை நீருக்குள் பதிந்திருக்க, நீரை விலக்கும் கார்பன் வால் காற்றை நோக்கி நிமிர்ந்து நிற்கிறது. ஸ்டியரிக் அமிலத்தைப் போலவே 18 கார்பன் கொண்ட ஒலியிக் அமிலமோ 46 சதுர ஆங்ஸ்ட்ராமைப் பிடித்துக்கொண்டு 11 ஆங்ஸ்ட்ராம் உயரமே எழுகிறது. அதன் சங்கிலி நடுவிலுள்ள இரட்டைப் பிணைப்பும் நீரால் ஈர்க்கப்படுவதால் அது இரண்டு இடங்களில் நீரைத் தொட்டு மடிந்து கிடக்கிறது என்று லாங்மியூர் உரைத்தார். எக்ஸ் கதிர்களால் கொழுப்பு அமிலங்களின் அமைப்பை வேதியியலார் கண்டறிவதற்கு முன்பே, ஒரு தொட்டி நீரும் அளவுகோலும் தராசும் கொண்டு மூலக்கூறின் நீளமும் அகலமும் வடிவும் இவ்வாறு அளக்கப்பட்டன.

பொக்கெல்ஸின் கண்டுபிடிப்பை லாங்மியூர் மறைக்கவில்லை. அவருக்கு உரிய இடத்தைக் குறிப்பிட்டே எழுதினார். கருவிக்கு ஆய்வுலகில் லாங்மியூர் தொட்டி என்ற பெயர் நிலைத்துப்போனதற்குக் காரணம் அவருடைய கள்ளமன்று, பின்வந்தோரின் சோம்பல். ஜெர்மானியக் கூழ்மவியல் கழகம் 1931இல் பொக்கெல்ஸுக்கும், போர்டோ நகரில் இதே படலங்களை ஆராய்ந்த ஆன்றி தெவோவுக்கும் சேர்த்து லாரா லியோனார்ட் பரிசை வழங்கியது. அடுத்த ஆண்டு, எழுபதாம் அகவையில், பிரவுன்ஷ்வைக் தொழில்நுட்ப உயர்கல்வி நிறுவனம் பொக்கெல்ஸுக்கு மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது. அதே 1932இல் பரப்பு வேதியியலுக்கான நோபல் பரிசு லாங்மியூருக்குக் கிடைத்தது.

பொக்கெல்ஸ் 1935 நவம்பர் 21 அன்று பிரவுன்ஷ்வைக்கில் காலமானார். அவ்வாண்டிலேயே ஸ்கெனெக்டடியில் லாங்மியூரின் உடனுழைப்பாளர் கேதரின் பிளாட்ஜெட், படலத்தை நீரின்மேல் வைத்து அளப்பதோடு நில்லாமல், கண்ணாடித் தகட்டை அதனூடே அமிழ்த்தியெடுத்து அடுக்கின்மேல் அடுக்காக அதைக் கண்ணாடிக்கே மாற்றும் முறையை வெளியிட்டார். பேரியம் ஸ்டியரேட்டின் 44 அடுக்குகள் ஒளியைத் திருப்பியனுப்பாத கண்ணாடியாக 1938இல் மாறிய அந்த வரலாறு அடுத்த பகுதிக்குரியது.